புள்ளியும் வட்டமும்

வீட்டுத் தொலைபேசி மட்டும் இருந்த காலத்தில் யாரும் யாரையும் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்டதில்லை. இலக்கத்தைச் சுழற்றினால் அது ஓர் இடத்தில் மணியடிக்கும். எடுத்தவர் அந்த இடத்தில் இருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கும். இலக்கம் இடத்துக்கு உரியதாக இருந்தது. ஆளுக்கு உரியதாக இருக்கவில்லை. கையடக்கத் தொலைபேசி வந்ததும் இலக்கம் ஆளோடு ஒட்டிக்கொண்டது, இடம் கழன்று போயிற்று. ஸலாம் சொல்லி முடித்தவுடன் ‘எங்க இரிக்கீங்க?’ என்ற கேள்வி முதலாவதாக வந்து நிற்பது அதனால்தான். அந்தக் கேள்விக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடையில் இருந்தவர்களையும் நாமறிவோம். பொய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பதில் சொன்னவன் அவன்தான் என்பதையே சொல்ல வருகிறேன்.

இன்று அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்படுவதில்லை. அவனுடைய சட்டைப்பையில் இருக்கும் கருவியிடம் கேட்கப்படுகிறது. கருவி பதில் சொல்கிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை, அதைக் கேட்க யாருக்கு உரிமை என்பவை பற்றியே இங்கு யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பலரும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு இந்த விடயத்தில் ஒரு தனிக் குறை உண்டு. புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரிவில், களப்பும் கடலும் சேரும் பக்கத்தில் இருப்பது எங்கள் கரைத்தீவு. அம்பாறை மாவட்டத்தில் இருப்பது காரைதீவு. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். யாழ்ப்பாணத்தில் இருந்த காரைதீவு பிற்காலத்தில் காரைநகராயிற்று. தமிழில் எழுதினால் இவற்றுக்கிடையே ஓரிரு எழுத்தின் வித்தியாசம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் போட்டால் அந்த வித்தியாசமும் அழிந்துவிடும். போனின் வரைபடத்தில் ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடுகிற வெளியூர்க்காரனை அது நாட்டின் மறுகரைக்கு அனுப்பிவைக்கப் பார்க்கும். வரைபடம் என்பது யாரோ ஒருவர் எழுதிய ஒரு பட்டியல்தான் என்பதை எங்கள் ஊரார் இப்படித்தான் படித்துக்கொண்டோம்.

போன் தன் இடத்தை அறியும் வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது ஜீ.பீ.எஸ். ‘சட்டலைட் நம்மளப் பாத்துக்கிட்டே இரிக்கிது சேர்’ என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகள் தம்முடைய இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். கீழே இருக்கும் போன் குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டுத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. யார் கேட்டார்கள் என்பது செய்மதிக்குத் தெரியாது.

இரண்டாவது வழி டவர். யாரோடும் பேசாதபோதும் போன் பக்கத்து டவர்களுக்குத் தன் இருப்பைத் தெரிவித்தபடியே இருக்கிறது. அல்லாவிட்டால் நமக்கு வரும் அழைப்பை எந்த டவரின் வழியாக அனுப்புவது? பழைய ஜீ.எஸ்.எம். முறையில் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு டவர் தூரத்தைக் கணக்கிடும். அந்தக் கணக்கின் ஒரு படி ஏறத்தாழ 550 மீற்றர். ஒரு டவர் ஆகக் கூடியது 35 கிலோமீற்றர் வரை எட்டும். மூன்றாவது வைபை. ஒவ்வொரு வைபைப் பெட்டியும் தனக்குரிய ஓர் அடையாள எண்ணைக் காற்றில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்பதைப் பெரிய கம்பனிகள் வாகனங்களை ஓட்டியும், நம்முடைய போன்களைக் கொண்டேயும் சேர்த்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2003இல் தொடங்கப்பட்ட ஸ்கைஹூக் என்ற கம்பனி இதில் முன்னோடி. வீதிகளைப் படமெடுக்கப் போன கூகிளின் கார்கள் வைபை எண்களோடு மக்களின் தகவல்களிலும் ஒரு பகுதியை அள்ளிக்கொண்டு வந்தன என்று 2010இல் அந்தக் கம்பனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கொழும்புப் புறக்கோட்டையில் நின்றால் போனைச் சுற்றி எத்தனையோ வைபைப் பெட்டிகள். இடம் சில பத்து மீற்றருக்குள் பிடிபட்டுவிடும். எங்கள் தெருவில் அப்படி எண்ணிப் பார்க்க ஒன்றிரண்டு தேறும். தகரக் கூரைக்குள் செய்மதியின் குரலும் மங்கிப்போகும். மிஞ்சுவது டவர் மட்டும். அதுவும் களப்பின் தட்டையான நீர்ப்பரப்பில் தடையே இல்லாததால் சில வேளை நம்மூர் போன் கரையைத் தாண்டிக் கற்பிட்டிப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும்.

இடத்தை அறியும் ஆசை நம்மவர்களுக்குப் புதியதல்ல. அல்பிரூனி கஸ்னாவில் இருந்துகொண்டு 1025இல் ஒரு நூலை எழுதி முடித்தார். நகரங்களின் இருப்பிடத்தைக் கணிதத்தால் நிர்ணயிப்பது பற்றிய நூல் அது. கஸ்னாவிலிருந்து கிப்லா எந்தத் திசை என்று கண்டுபிடிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சூரியனின் உயரத்தையும் ஊர்களுக்கிடையிலான தூரங்களையும் வைத்துக்கொண்டு அவர் செய்ததும், இன்று ஜீ.பீ.எஸ். செய்வதும் அடிப்படையில் ஒரே காரியம்: வானத்தைக் கேட்டுத் தன் இடத்தைத் தான் அறிந்துகொள்வது. அல்பிரூனி தன் இடத்தை அறிந்தபோது அதை வேறெவரும் அறியவில்லை.

இன்றைய போனில் இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. தன்னைத் தான் அறிவதும் தன்னைப் பிறர் அறிவதும் ஒரே பொத்தானுக்குள் வந்துவிட்டன. இதற்கு நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய உதாரணம் ஒன்றுண்டு. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலியை உலகெங்கும் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட தடவைகள் மக்கள் தரவிறக்கியிருந்தார்கள். அதிலிருந்து திரண்ட இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற தரகுக் கம்பனிக்குப் போயின என்றும், அந்தக் கம்பனி அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களுக்கு இத்தகைய தகவல்களை விற்றது என்றும் 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற செய்தித்தளம் வெளியிட்டது. இராணுவத்துக்குத் தாம் எதையும் விற்கவில்லை என்று செயலியின் உரிமையாளர்கள் மறுத்தார்கள். எனினும் எக்ஸ்-மோட்டுடனான தொடர்பை உடனே முறித்துக்கொண்டார்கள். பெயரை மாற்றிக்கொண்ட அந்தத் தரகுக் கம்பனி வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்கு யார் வந்துபோகிறார்கள் என்ற தகவலை விற்கக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு தடைபோட 2024 ஜனவரி ஆயிற்று. தொழுவதற்குத் திசை கேட்டவனின் இடம் சந்தைக்குப் போயிற்று. இதைப் பற்றி ஜும்ஆப் பிரசங்கம் எதிலும் நான் இதுவரை கேட்டதில்லை.

இனி எங்கள் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, கத்தாரில் தொழில் பார்க்கும் ஒருவரின் தகப்பனார் வீட்டுக்கு வந்து, “சேர், போன் சம்பந்தமா ஒரு பிரச்சினை, ஒருக்கா வாங்க” என்று கூட்டிப்போனார். மகன் தன் மனைவியின் போனில் இடம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். அன்று காலை பத்து மணிக்கு மனைவியின் புள்ளி களப்புக்கு அப்பால் கற்பிட்டிப் பக்கத்தில் நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணோ காலை முழுவதும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. மாமியாரே அதற்குச் சாட்சி. இருந்தும் தொலைபேசியில் சொல்லக் கூடாத வார்த்தைகளெல்லாம் சொல்லப்பட்டுவிட்டன.

நான் வீடியோ அழைப்பில் அவரோடு பேசினேன். அவர் எடுத்து வைத்திருந்த படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நடுவே நீலப் புள்ளி. அதைச் சுற்றி மங்கலாக ஒரு பெரிய வட்டம். அந்த வட்டத்துக்குள் கற்பிட்டியும் இருந்தது, களப்பும் இருந்தது, எங்கள் கரையும் இருந்தது. “தம்பி, இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ ஓரிடத்துல இரிக்கிறாங்க எண்டுதான் போன் சொல்லுது. புள்ளி சும்மா நடுவுல வெச்ச அடையாளம்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குப் புள்ளிதானே சேர் தெரிஞ்சிச்சு” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு நெடுநாள் மனதில் நின்றது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் புவியியல் எடுத்த விரிவுரையாளர், வரைபடத்திலுள்ள கோட்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு என்பதை மறக்காதீர்கள் என்பார். ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீற்றர் கோடு நிலத்தில் இருபத்தைந்து மீற்றர் அகலம். வேலிச் சண்டையை அந்தப் படத்தை வைத்துத் தீர்க்க முடியாது. டவர் சொல்லும் சாட்சியும் அப்படிப்பட்டதுதான். தூரத்தில் நின்று கண்ட சாட்சி, தான் எவ்வளவு தூரத்தில் நின்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். கேட்பவன் அந்தப் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கத்தார்க் கணவர்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கில் 2019இல் நடந்தது இதைவிடப் பெரிது. தொலைபேசிக் கம்பனிகள் கொடுத்த மூலத் தகவலைப் பொலிஸின் கணினி மாற்றியெழுதும்போது சிலவற்றை விட்டுவிட்டது. டவர்களின் இடமும் சில வேளை பிழையாகக் காட்டப்பட்டது. 2012ஆம் ஆண்டிலிருந்து தீர்க்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை மீளப் பார்க்க வேண்டியதாயிற்று. 32 பேர் தடுப்புக் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். இத்தகைய சாட்சியத்தை இரண்டு மாதங்களுக்கு வழக்குகளில் பயன்படுத்தாமல் நிறுத்தியும் வைத்தார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் வேறொரு சங்கதி. களவு நடந்த ஒரு வீட்டைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த நேரத்தில் அதற்குள் இருந்த போன்களைப் பொலிஸார் கூகிளிடம் கேட்டார்கள். அந்த வழியாக வழக்கம்போலச் சைக்கிள் ஓடியவர் ஒருவர், வீட்டை மூன்று தடவை கடந்துபோன காரணத்தால் சந்தேகநபரானார். பிறகுதான் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. அவருடைய விடயத்தில் புள்ளி சரியாகவே இருந்தது. வட்டம் போட்டவர்கள்தான் அதற்குள் இருப்பவனெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு எந்த வருடம் ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு நாளின் குண்டுவெடிப்புகள். மே மாதத்தில் எங்கள் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் மாவட்டத்தில் ஓர் உயிரும் போயிற்று. கரைத்தீவிலிருந்து புத்தளத்துக்கு வண்ணாத்திவில்லுவைத் தாண்டித்தான் போக வேண்டும். மீன் கொண்டுபோனவன், மருந்தெடுக்கப் போன தாய், சம்பளத்துக்கு வங்கிக்குப் போன நான், எல்லோருடைய போனும் அந்தப் பக்கத்து டவர்களில் பதிந்திருக்கும். அந்த மாதங்களில் சிலர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் புத்தளம் போனார்கள். போனை வைத்துவிட்டுப் போவதுதான் சந்தேகத்தைக் கொண்டுவரும் என்று வேறு சிலர் அவர்களைத் தடுத்தார்கள். இரு தரப்பாரும் ஒரு குற்றமும் செய்யாதவர்கள்.

ஆனால் துல்லியத்தைப் பற்றிய இந்தப் பேச்சு பாதி வழிதான் போகும். கருவிகள் திருந்திவிடும், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அப்போது என்ன சொல்வது? இந்தக் கேள்வியை எனக்குப் போட்டுத் தந்தவர் அந்தக் கத்தார்க்காரரின் மனைவிதான். நான் வட்டத்தை விளக்கி முடித்ததும் மாமனாரும் மாமியாரும் ஆறுதலாக மூச்சுவிட்டார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டார்: “நான் கற்பிட்டிக்குப் போயிருந்தாத்தான் என்ன சேர்? எங்க ராத்தா ஊடு அங்கதானே இரிக்கிது.” யாரும் பதில் சொல்லவில்லை.

ஹழரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி எடுத்துச் சொல்லும் ஒரு சம்பவம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். இரவில் ஊரைச் சுற்றிவந்த கலீபா ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே பாவம் செய்துகொண்டிருந்தவனைப் பிடித்துவிடுகிறார். அவன் பயப்படாமல் சொல்கிறான்: நான் செய்த குற்றம் ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று, துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை. கலீபா அதை ஏற்றுக்கொண்டு அவனை விட்டுவிட்டுப் போகிறார். இந்தச் சம்பவத்தைத் துருவி ஆராய்வதற்கு எதிரான உபதேசமாகவே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அதில் இப்போது பெரிதாகப் படுவது வேறு. உமர் கண்டது பொய்யல்ல. அவன் அங்கேதான் இருந்தான், அதைத்தான் செய்தான். உண்மையாக இருந்தும் அது செல்லுபடியாகவில்லை. மற்றது, சுவரேறியவரை அவன் தன் கண்ணால் கண்டான். கண்டதால்தான் வாய் திறக்க முடிந்தது. போன் வழியாகப் பார்க்கப்படுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. யார் ஏறினார், எத்தனை தடவை ஏறினார் என்று அவனுக்குத் தெரியாது.

இருந்தாலும் கண்டுபிடிக்கப்படுவது ஒரு ரஹ்மத்தாக இருக்கும் நேரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் எங்கள் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். மன்னாரிலிருந்து கடல்வழியாக வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள் பலர். நான் அப்போது சிறுவன். வாப்பாவைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்களும், பள்ளிவாசலில் கடதாசித் துண்டில் பெயரெழுதி ஒட்டியவர்களும் இன்றைக்கும் எங்களோடு வாழ்கிறார்கள். அவர்களிடம் போய் இடம் காட்டும் கருவி தீமை என்று பேசினால் சிரிப்பார்கள்.

கடற்றொழிலாளியைப் பாருங்கள். மீன்படும் இடத்தை அவன் கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லமாட்டான். கேட்டால் கையைப் பொதுவாகக் கடல் பக்கம் காட்டுவான். அதே மனிதன் இயந்திரம் நின்றுபோன இரவில் தான் நிற்கும் இடம் உலகத்துக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று துஆக் கேட்பான். பொலித்தீன் பையில் சுற்றிய போனில் ஜீ.பீ.எஸ். இடத்தைக் காட்டும், ஆனால் டவர் எட்டாத ஆழ்கடலில் அதை எவருக்கும் சொல்ல முடியாது. பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கருவி வந்தது வேறு வழியாக. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனைத் தடைசெய்ததற்குச் சொன்ன காரணங்களில், படகுகள் எங்கே பிடிக்கின்றன என்று கண்காணிக்கும் ஏற்பாடு போதாது என்பதும் ஒன்று. 2016இல் தடை நீங்கியது, கருவி படகில் தங்கிவிட்டது. ஏற்றுமதிக்காக வந்த கருவிதான் என்றாலும் நடுக்கடலில் திசைமாறிய படகுக்கும் அது உதவும். ஒரே கடலில் ஒரே மனிதனுக்கு இரண்டு விருப்பங்கள். இரண்டும் நியாயமானவை. எப்போது மறைவது, எப்போது தெரிவது என்று தீர்மானிப்பவன் அவனாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவனால் தீர்மானிக்க முடியாத இடங்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கொலை நடந்தால் பொலிஸ் தேடத்தான் வேண்டும். அங்கே நான் கேட்பது, பார்க்கிறவனும் பார்க்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே. ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்காரர் மால்டே ஸ்பிட்ஸ் தன்னைப் பற்றித் தொலைபேசிக் கம்பனி என்ன சேர்த்து வைத்திருக்கிறது என்று கேட்டு வழக்குப் போட்டார். ஆறு மாதத் தகவலாக 35,830 பதிவுகள் கிடைத்தன. 2011இல் அவற்றை ஒரு பத்திரிகையின் மூலம் வரைபடத்தில் போட்டு ஊருக்கே காட்டினார். அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018இல் கார்பென்டர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: 127 நாட்களில் 12,898 இடப் பதிவுகளை நீதிமன்றப் பிடியாணை இல்லாமல் எடுத்தது சரியல்ல. அந்த மனிதன் கொள்ளைக்காரன் என்பதில் நீதிபதிகளுக்குப் பெரிய சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. வாசல் வழியாக வா என்பதுதான் தீர்ப்பு.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டும்படி கேட்கும் உரிமையை அது காகிதத்தில் தருகிறது. 2025இல் நடைமுறைக்கு வர வேண்டியிருந்த முக்கியமான பகுதிகள் பிற்போடப்பட்டன. எங்களூரில் இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கத்தார் வீட்டில் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். செயலி இருக்கட்டும், ஆனால் அவருடைய புள்ளியும் தன் போனில் தெரிய வேண்டும் என்றிருக்கிறார் மனைவி. அவர் முதலில் மறுத்தாராம். தனிமையில், பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், வீட்டின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும் என்பதும் எனக்கு விளங்காமலில்லை.

சென்ற வருடம் பாடசாலைப் பெற்றார் கூட்டத்தில் சில தாய்மார், பிள்ளைகள் மாலை வகுப்புக்குப் போகிறார்களா என்று அறிய அவர்களுடைய போனில் இந்தச் செயலியைப் போட்டுத்தர முடியுமா என்று கேட்டார்கள். போட்டுத் தருகிறேன், பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன செய்கிறோம் என்று சொல்லித்தான் போடுவேன் என்றேன். அடுத்த வாரம் மூன்று பேர் பிள்ளைகளோடு வந்தார்கள். மற்றவர்கள் புத்தளத்தில் ஒரு கடையில் கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.